எல்லாச் சமயமும் ஒன்றா? – பரம்பொருட் கொள்கை பற்றியதொரு மறுப்புரை

திருகோணமலை நகரிலிருந்து வடக்கு நோக்கி நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்னும் ஊர்களைக் கடந்து செல்லும் கரையோரப் பாதை புல்மோட்டையைச் சென்றடைகின்றது. அதற்கு வடக்கே கொக்கிளாய்க் களப்பு. களப்பிற்கு அப்பால் முல்லைத்தீவு மாவட்டம். முஸ்லிம்கள் பெரும்பான்மையினராகவும், அயற்கிராமங்களிலே தமிழரும் சிங்களவரும் வாழும் இவ்வூரைப் பாடநூல் வழியாக அறிந்தோர் கனிய மணலின் ஊராகவே அறிவர். கனிய மணற் கூட்டுத்தாபனம் 1957 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கரையிற் கிடக்கும் அக்கறுப்பு மணலை முதன்முறையாகக் காண்போர் அதனை ஒரே பொருள் என்றே எண்ணுவர். உண்மையில் அதன் பெரும்பங்கு இல்மனைற். அதனோடு றூட்டைல், சேர்க்கன், மொனசைற் என்பனவும் கலந்துள்ளன. காந்தத்தின் முன் இல்மனைற் ஈர்க்கப்படும். மின்புலத்தில் றூட்டைல் ஒரு பக்கமாகவும் சேர்க்கன் மறுபக்கமாகவும் பிரியும். அம்மணலிலே பல்லாண்டு வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் என்னிடம் கூறியது இது: எல்லாம் கறுப்பு மணல்தானே என்று சொல்பவனுக்கு அத்தொழிற்சாலையில் எவ்வேலையும் இல்லை.

அம்முதியவரின் சொல்லை எனக்கு மீண்டும் நினைவூட்டியது ஒரு மேடை. சமய நல்லிணக்கத்தின் பெயரால் நடைபெற்ற ஒரு கூட்டம் அது. நான்கு சமயங்களின் குருமார் நால்வரும் வரிசையாக அமர்ந்திருந்தனர். பேசவந்த அன்பர் ஒருவர், சிவன் என்றாலென்ன, அல்லாஹ் என்றாலென்ன, கர்த்தர் என்றாலென்ன, புத்தர் என்றாலென்ன, பெயர்கள்தாம் வேறு, பரம்பொருள் ஒன்றே என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நெடுநேரம் சென்றது. மேடையிலிருந்த நால்வரும் புன்முறுவலுடன் தலையசைத்தனர். அந்நால்வருள் எவரேனும் தம் சமய நூலுக்கு மாறுபடாமல் அவ்வாறு தலையசைத்திருக்க முடியாது என்பது அவையில் எவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. கூட்டம் கலைந்த பின் தேநீர்க் கடையிலே காதில் விழுந்த வாதம் வேறு. குறித்த ஒரு மேட்டுநிலம் விகாரைக்கு உரியதா, கோயிலுக்கு உரியதா, பள்ளிவாசலைச் சேர்ந்தோர் தலைமுறையாகப் பயிரிட்ட வயலா என்பதே அங்கு பேச்சு. மேடையிற் கேட்ட சொற்கள் அத்தேநீர்க் கடைக்கு ஒரு துணையும் செய்யவில்லை.

எல்லாச் சமயங்களும் ஒரே பரம்பொருளையே கூறுகின்றன என்னும் கூற்று உண்மையன்று. தீங்கற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் ஓர் இலக்கணம் வகுத்தார். இக்கூற்று அவ்விலக்கணத்துள்ளும் அடங்காது. அது பொய்; நன்மை தராத பொய். பல்கலைக்கழகத்தில் பயில்வோரும் பயிற்றுவோரும் இதனைக் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

நால்வரும் கூறுவது யாது?

முதற்கண், மேடையிலிருந்த நால்வரின் கொள்கைகளையும் அவரவர் நூல்வழி நின்று நோக்குவோம்.

சைவசித்தாந்தம் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளையும் அநாதி எனக் கொள்வது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் வகுத்த சிவஞானபோதத்தின் அடிப்படை இதுவே. இதன்படி இறைவன் உயிர்களைப் படைத்தவன் அல்லன். உயிர்களும் அவனைப் போலவே தொடக்கமற்றவை. உலகுக்கு முதற்காரணம் மாயை. இறைவன் நிமித்த காரணன். மண் குயவனால் உண்டானதன்று. குடமே அவனால் ஆயது. சைவர் கூறும் அத்துவிதமும் இரண்டன்மை என்னும் உறவைச் சுட்டுவதேயன்றி, இறையும் உயிரும் ஒரே பொருள் என்பதன்று. சங்கரரின் வேதாந்தமோ குணங்குறியற்ற பிரமம் ஒன்றே மெய் என்பது. இந்து என்னும் ஒரே பெயரின்கீழ் இன்று அடக்கப்படும் இவ்விரு கொள்கைகளும் தம்முள் எத்துணை மாறுபட்டன என்பதை அறிய, மாயாவாதத்தைச் சைவாசிரியர் மறுத்த பகுதிகளைப் படித்தல் போதும்.

இசுலாத்தின் உயிர்நாடி தவ்ஹீத் எனப்படும் ஏகத்துவம். அல்லாஹ் ஒருவனே படைத்தவன். அவனையன்றி உள்ளன யாவும், உயிர் உட்பட, அவனாற் படைக்கப்பட்டனவே. அவன் எவரையும் பெற்றவன் அல்லன். எவராலும் பெறப்பட்டவனும் அல்லன். இக்கருத்தைத் திருக்குர்ஆனின் 112 ஆம் அத்தியாயம் நான்கே வசனங்களிற் கூறி முடிக்கின்றது. அவனுக்கு இணை கற்பித்தல் மன்னிப்பரிய குற்றம். இறைவனின் அறிவு, ஆற்றல் முதலிய பண்புகளைக்கூட அவனின் வேறாக நிலைபெற்றவையாகக் கொள்ளின் ஏகத்துவம் குன்றிவிடும் என முஃதஸிலாக்கள் வாதிட்டனர். அஷ்அரீ வழியினர் அதனை மறுத்தனர். ஒருமை என்னும் சொல்லை இத்துணை நுணுக்கமாக ஆராய்ந்த ஒரு சமயத்தாரிடம் சென்று, உங்கள் ஒருவனும் எங்கள் ஒன்றும் ஒன்றுதான் என்பது அவர்தம் உழைப்பையே மதியாமையாகும்.

கிறித்தவம் ஒரே கடவுளைத் தந்தை, மைந்தன், தூய ஆவி என மூன்று ஆட்களாகக் கொள்வது. மைந்தன் படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர் என 325 ஆம் ஆண்டு நிக்கேயாவிற் கூடிய சங்கம் முடிவு செய்தது. வரலாற்றில் ஒரே ஒரு முறை, ஒரு குறித்த காலத்தில், ஒரு குறித்த நாட்டில் இறைவன் மனிதனானான் என்பது அச்சமயத்தின் மையம். அம்மையத்தை நீக்கிவிட்டு எஞ்சுவதைக் கிறித்தவம் என்று கிறித்தவர் ஒப்பார்.

பௌத்தமோ உலகைப் படைத்த ஒருவன் உளன் என்பதையே ஏற்பதன்று. தீக நிகாயத்தின் முதலாவதாகிய பிரமஜால சூத்திரம், தானே படைப்போன் என்று மகாபிரமன் எவ்வாறு தவறாக எண்ணத் தலைப்பட்டான் என்பதை விளக்குகின்றது. வெறுமையான ஓர் உலகில் அவன் முதலிற் பிறந்தான், துணையை விரும்பினான், பிறர் தத்தம் வினைப்படி அங்கு வந்து பிறந்தனர், தன் விருப்பாலேயே அவர் தோன்றினர் என அவன் எண்ணிக்கொண்டான். புத்தர் கடவுள் அல்லர்; கடவுளின் தூதரும் அல்லர். நிப்பானம் என்பது அவாவின் அழிவே; வழிபடப்படும் ஓர் ஆளன்று. 1873 ஆம் ஆண்டு பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறித்தவப் போதகர்களோடு நிகழ்த்திய புகழ்பெற்ற வாதத்தில் படைப்புக் கடவுட் கொள்கையும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. நவீன இலங்கைப் பௌத்தத்தின் மறுமலர்ச்சிக்கே வித்திட்ட வாதம் அது. அதனை மறந்துவிட்டுப் புத்தரையும் பரம்பொருளின் பெயர்களுள் ஒன்றாக்குதல் எவ்வகை நட்பு?

இனி, இந்நால்வரையும் நிரல்படுத்திப் பார்ப்போம். இறைவன் பிறவான் என்னும் இடத்தில் சைவரும் முஸ்லிம்களும் ஒரு பக்கம் நிற்பர். இறைவன் மண்ணில் வந்து பிறந்தான் என்னும் வைணவரும் கிறித்தவரும் மறுபக்கம். உயிர் படைக்கப்பட்டது என்னும் இடத்தில் முஸ்லிம்களும் கிறித்தவரும் ஓரணி; உயிர் அநாதி என்னும் சைவரும் வைணவரும் வேறணி. பிறவிச் சுழலும் வினையும் உண்டு என்னும் இடத்தில் சைவரும் வைணவரும் பௌத்தரும் சேர்வர். உலகுக்கு ஒரு தலைவன் உளன் என்னும் இடத்தில் பௌத்தர் தனித்து நிற்க, ஏனையோர் யாவரும் ஒருங்கு கூடுவர். கேள்வி மாறுந்தோறும் அணியும் மாறுகின்றது. இதுவன்றோ அறிவுக்கு விருந்து? இவ்விருந்தைப் புறந்தள்ளி, எல்லாம் ஒன்றே என்னும் ஒரு பிடி சோற்றோடு நாம் எழுந்துவிடுகின்றோம்.

சொல் ஒன்று, பொருள் பல

ஒன்றே என்பார்க்குப் பெருந்துணையாக இருப்பது சொல்லொற்றுமை. பராபரம் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார். தமிழ்ச் சூபிகளுள் தலைசிறந்த குணங்குடி மஸ்தான் சாகிபும் அதே பெயரிற் கண்ணிகள் பாடினார். பதினெட்டாம் நூற்றாண்டில் விவிலியத்தைத் தமிழாக்கிய பப்ரிசியுசு கடவுளைக் குறிக்கப் பராபரன் என்னும் சொல்லை ஆண்டார். ஒரே சொல் மூவர் நாவிலும் வழங்கியதால் மூவரும் ஒன்றையே கூறினர் எனல் பொருந்துமா? தாயுமானவரின் பராபரம் உயிரைப் படைத்ததன்று. மற்றை இருவரின் இறைவன் உயிரைப் படைத்தவன். பப்ரிசியுசின் பராபரனுக்கு ஒரு மைந்தன் உண்டு; மஸ்தான் சாகிபு அதனை ஏற்கார். விவிலியத்தைத் தமிழில் தந்தோர் சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று நூற்றாண்டுதோறும் சொல்லை மாற்றி வந்ததன் காரணமும் இதுவே. எச்சொல்லை எடுப்பினும் அதனோடு வேறொரு சமயத்தின் பொருளும் ஒட்டிக்கொண்டு வந்தது.

சொல்லை நம்பி ஏமாந்ததற்கு ஆபிரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உகண்டாவின் கவிஞரும் மானிடவியலாளருமான ஒக்கொட் பிபிடெக் (1931–1982) தம் இனத்தாராகிய அச்சோலி மக்களைப் பற்றி அதனை எழுதியுள்ளார். 1911 ஆம் ஆண்டில் இத்தாலியக் குருமார் அம்மக்களின் மூத்தோரிடம், உங்களைப் படைத்தவர் யார் என்று வினவினர். இன்மையிலிருந்து படைத்தல் என்னும் கருத்தும் அதற்கான சொல்லும் அம்மொழியில் இல்லை. வினா, உங்களை வனைந்தது யார் என்னும் பொருள்பட மாறிற்று. மனிதன் தாய் வயிற்றிற் பிறக்கின்றான், வனையப்படுவதில்லை என்பதே மூத்தோர் அறிந்தது. வினா மீண்டும் மீண்டும் எழவே, முதுகெலும்பை வளைத்து மனிதனைக் கூனாக்கும் ஒரு தீய ஆவியின் நினைவு ஒருவருக்கு வந்தது. ருபங்கா என்றார். குருமார் அப்பெயரையே எழுதிக்கொண்டனர்; கூன்விழச் செய்யும் ஆவியின் பெயர் கிறித்தவக் கடவுளின் பெயராயிற்று. எல்லா மக்களிடமும் ஒரு பரம்பொருள் இருந்தே தீரவேண்டும் என்ற முன்முடிவோடு சென்றோர் தாம் தேடிச் சென்றதையே கண்டு திரும்பினர். வந்தோர் மட்டுமன்றி, எங்களிடமும் உங்கள் கடவுள் உண்டு என்று நிறுவ முனைந்த ஆபிரிக்க அறிஞரும் தம் முன்னோரின் தெய்வங்களுக்குப் பிறர் ஆடையை உடுத்தினர் என்பது பிபிடெக்கின் குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டு நமக்கும் உரியது.

ஒன்றாக்குவோர் யார்? ஒன்றாக்கப்படுவோர் யார்?

எல்லாம் ஒன்றே என்பது பெருந்தன்மையின் மொழியெனக் கொள்ளப்படுகின்றது. சற்று உற்று நோக்கின் அது பெரும்பாலும் உரிமைகோரலின் மொழியாக இருக்கும். வைணவ மரபின் ஒரு சாரார் புத்தரைத் திருமாலின் பத்து அவதாரங்களுள் ஒன்றாக வைத்தனர். சிங்களப் பௌத்த மரபோ திருமாலைப் புத்தசாசனத்தின் காவற்றெய்வமாக்கி விகாரையின் ஒரு பக்கத்தே நிறுத்தியது. ஒருவருக்கு உச்சியில் இருப்பவர் மற்றவர் வீட்டில் வாயில் காப்போர் ஆகின்றார். சைவ நூல்கள் பிற சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என வகுத்துப் படிக்கட்டில் அமர்த்தின; மேற்படி சைவத்துக்கே உரியதாயிற்று. இசுலாமும் தனக்கு முந்திய வேதங்களை ஏற்கின்றது. ஆயின், தான் ஏற்கும் வடிவிலேயே ஏற்கின்றது. கிறித்தவ இறையியலாளரும் பிற சமயங்களைத் தம் சமயத்துக்கான ஆயத்தங்கள் எனக் கூறியதுண்டு.

இவற்றைக் குற்றமாக நான் கூறவில்லை. தன் கொள்கை உயர்ந்தது என நம்பும் எவரும் பிறவற்றைத் தன் கண்கொண்டே வரிசைப்படுத்துவர், அது இயல்பு. குற்றம் எங்கேயெனின், அவ்வரிசைப்படுத்தலைச் சமத்துவம் என்று பெயரிட்டு அழைப்பதிலேயே. நீயும் நானும் ஒன்று என்று ஒருவன் சொல்லும்போது, யாருடைய வீட்டில் வாழப்போகின்றோம் என்று மற்றவன் கேட்க வேண்டியுள்ளது. எண்ணிக்கையாலோ ஆட்சியாலோ வலியவன் சொல்லும் ஒன்று, மெலியவனின் அழிவாக முடியக்கூடும்.

ஒரே கடவுள் அமைதி தந்தாரா?

இவற்றையெல்லாம் கேட்டபின்னும் சிலர், உண்மை எவ்வாறாயினும் ஆகுக, மக்கள் ஒற்றுமைக்கு இக்கூற்று உதவுகின்றதே என்பர். வரலாற்றைக் கேட்போம்.

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். தடை விதித்தோரும் தடைசெய்யப்பட்டோரும் வணங்கியது ஒரே கடவுளை, ஒரே கிறித்துவை, ஓதியது ஒரே வேதத்தை. 1687 இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவிலிருந்து, வந்த யோசேப் வாஸ் அடிகள் யாழ்ப்பாணத்தில் மறைந்து வாழ்ந்தே தம் மக்களுக்குப் பணிபுரிய வேண்டியிருந்தது. பின்னர் கண்டி இராச்சியத்தை அடைந்த அவர், தொடக்கத்தில் ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிருந்தாராயினும், காலப்போக்கில் அங்கேயே புகலும் பணிசெய்யும் உரிமையும் பெற்றார். அவருக்கு அவற்றை அளித்தவன் இரண்டாம் விமலதர்மசூரியன். படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்த மன்னன். அதற்கும் முன்னர், 1626 இல், போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கிழக்கிலே குடியமர்த்தியவன் கண்டியரசன் செனரத். அல்லாஹ்வும் புத்தரும் ஒருவரே என்று எண்ணி அவன் அதனைச் செய்ததாக எந்த வரலாறும் கூறவில்லை. துரத்தப்பட்டவனுக்கு இடங்கொடுத்தல் அரசனின் கடமை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அண்மைக்கு வருவோம். 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொன்றோர் அறிக்கையிட்ட இறைவனும், கொல்லப்பட்ட வழிபாட்டாளர் மன்றாடிய இறைவனும் ஆபிரகாமின் இறைவனே என்று சமய ஒப்பியல் நூல்கள் கூறும். அவ்வொருமை ஓர் உயிரையேனும் காத்ததா? காவாது. ஏனெனில் அயலானை மதித்தலுக்கு அவன் என் கடவுளை வணங்குகின்றான் என்பதே காரணமாயின், அவன் வணங்குவது வேறு என்று நான் அறியும் நாளில் அக்காரணம் அறுந்துவிடும். அன்று அவனைத் தாக்கவோ துரத்தவோ எனக்குத் தடையிராது. ஒற்றுமையை ஒருமையின்மேற் கட்டுவோர் அதனை மணலின்மேற் கட்டுகின்றனர். என் அயலான் என்னோடு எதிலும் உடன்படாதிருக்கலாம். நான் உயிரெனப் போற்றும் பரம்பொருளை இல்லையென்றே அவன் கூறலாம். அப்பொழுதும் அவன் வயல் அவனுடையது. அவன் உயிர் அவனுடையது. நல்லிணக்கம் என்பது இவ்விடத்தில் தொடங்க வேண்டும்.

மண் கூறும் சாட்சி

இனி நாம் தொடங்கிய பாதைக்கே மீள்வோம். புல்மோட்டைக்குத் தெற்கே உள்ளது திரியாய். இன்றும் தமிழ் விவசாயக் கிராமம். அங்குள்ள குன்றின்மேல் கிரிஹண்டு சைத்தியம் என வழங்கும் பழைய தூபியும், ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளைச் சார்ந்ததெனக் கொள்ளப்படும் பாறைக் கல்வெட்டும் உள்ளன. அக்கல்வெட்டின் மொழி சமக்கிருதம்; எழுத்து பல்லவர் காலக் கிரந்தம். வணிகர் தொடர்பு பேசும் அச்சாசனம் அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிரீயையும் போற்றுகின்றது. இவர்கள் மகாயான மரபின் போதிசத்துவர்கள். இன்று இந்நாட்டில் வழங்கும் தேரவாதம் அவ்வழிபாட்டைத் தன் நெறியாகக் கொள்வதில்லை. அங்ஙனமாயின் பௌத்தம் என்னும் ஒரு சொல்லைக்கொண்டு அக்குன்றின் பழமை முழுவதையும் இன்றைய ஓர் இனத்துக்கும் ஒரு நெறிக்கும் எழுதிவைத்தல் எவ்வாறு?

திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தருகில் வெல்கம் விகாரை உள்ளது. பதினோராம் நூற்றாண்டில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயரும் வழங்கிற்று. சைவனாகிய சோழமன்னனின் பெயரைத் தாங்கிய பௌத்தப் பள்ளி அது. விளக்கெரிக்கப் பசுக்களும் பிறவும் தானமளித்தோரின் செய்தியை அங்குள்ள கல்வெட்டுகள் தமிழிற் கூறுகின்றன. தமிழ் பேசிய பௌத்தர் இம்மண்ணில் வாழ்ந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. ஆயின் இச்சான்றை இரு சாராரும் விரும்புவதில்லை. விகாரையெனின் சிங்களவருடையதே என்போருக்கு அதிலுள்ள தமிழ் இடையூறு. தமிழர் என்றுமே சைவர் என்போருக்கு அதிலுள்ள பௌத்தம் இடையூறு. மணிமேகலையை ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகப் போற்றும் நாம், அதே சமயத்தின் செங்கல் ஒன்று நம் காட்டில் வெளிப்படும்போது ஏன் அஞ்சுகின்றோம்?

அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. 1622 இல் போர்த்துக்கேயர் திருக்கோணேசுவரத்தை இடித்தனர். அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றன. நம் காலத்தில் இடிக்காமலே எடுத்துக்கொள்ளும் வழிகள் உள்ளன. 2020 சூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்ய ஒரு சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையினராக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியிலே, அமைக்கப்பட்டபொழுது, தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இருக்கவில்லை. புல்மோட்டைச் சூழலில் அரிசிமலையிலும் அயலிலும் தொல்பொருள் என்றும் வனம் என்றும் பூசைநிலம் என்றும் எழுந்த உரிமைகோரல்களுக்கு இடையே முஸ்லிம் விவசாயிகளின் காணிகள் சிக்கியுள்ளன. 1984 இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னரே மீண்ட தென்னைமரவடித் தமிழருக்கும் இவ்வச்சம் புதியதன்று.

இந்நிலையில், பரம்பொருள் ஒன்றே என்பது யாருக்கு விடையாகும்? காணி இழந்த விவசாயிக்கு அது விடையன்று. காணியை எடுத்தவருக்கோ அது வசதியான விடை. எல்லாம் ஒன்றேயாயின் யார் வீட்டில் யார் இருந்தாலென்ன என்று அவர் கேட்கலாமன்றோ?

இரு தடைகளும் விடையும்

ஈண்டு இரு தடைகள் எழும். முதலாவது, நம் பல்கலைக்கழகங்களிலே நெடுங்காலமாக ஒலித்துவரும் பொருள்முதல்வாதத்தின் தடை. சிக்கல் நிலத்தைப் பற்றியது. வயலும் மரமும் கனிய மணலும் ஆட்சியுமே அதன் வேர். கடவுட் கொள்கைகளை ஆராய்வது வேரை விட்டுவிட்டு இலையை எண்ணுவதாகும் என்பர். இதிற் பெரும்பகுதி உண்மை. ஆயினும், நிலத்தை எடுப்போர் நிலம் வேண்டும் என்று கேட்டு வருவதில்லை. புனிதம் என்ற பெயரைச் சொல்லியே வருகின்றனர். அப்பெயரை ஆராயும் திறனற்றவன் அதன்முன் வாயடைத்து நிற்பான். ஒரு தூபியின் இடிபாடு அக்காலப் பௌத்தர் எவரென்பதை உரைக்குமேயன்றி, இக்கால உரிமையாளர் எவரென்பதை உரைக்காது என்று எதிர்நின்று கூறுவதற்கும் பௌத்தத்தின் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது தடை ஞானியரின் பெயரால் எழுவது. சூபிகளும் சித்தர்களும் வேறுபாடுகளைக் கடந்தனரே, அவர்களினும் நீ அறிந்தவனா என்பர். கடந்தனர், உண்மை. ஆயின் அவர் கடந்தது தாம் முற்றக் கற்ற ஒன்றை. குணங்குடியார் இசுலாத்தை அறியாமல் கடந்தவர் அல்லர். தாயுமானவர் சித்தாந்தத்தையும் வேதாந்தத்தையும் கல்லாமற் கடந்தவர் அல்லர். நாமோ ஆற்றிலே இறங்காமலே அக்கரை சேர்ந்தோம் என்கின்றோம். சொல்லுக்கு அப்பாற்பட்டது என்று கூறும் தகுதி, சொல்லின் எல்லை வரை சென்று பார்த்தவனுக்கே உண்டு. இறைவன் இன்னன் என்று கூறவியலாது, இன்னன் அல்லன் என்றே கூறலாம் என்ற பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிதசு, அதனை நிறுவுவதற்கு ஒரு பெருநூலே எழுதவேண்டியிருந்தது.

நம் மரபு காட்டும் வழி

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? வேற்று நாட்டுக்குச் சென்று விடை தேட வேண்டியதில்லை. மணிமேகலை வஞ்சி நகரில் தவசியின் வேடம் பூண்டு, அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்போரிடம் ஒருவர்பின் ஒருவராகச் சென்று, உம் பொருள் யாதென வினவினாள். எல்லாம் ஒன்றே என்று அவள் திரும்பவில்லை. கேட்டாள், வேறுபாட்டை அறிந்தாள், பின்னரே தன் நெறியைத் தேர்ந்தாள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலே உலகாயதர் முதலாகப் பதினான்கு கொள்கையினரை மறுத்தார். அவருள் பௌத்தர் மட்டும் நான்கு வகையினர். ஒவ்வொருவரையும் மறுப்பதற்கு முன்னர் அவர்தம் கொள்கையை நிரல்படக் கூறுதல் அந்நூலின் முறை. எதிரியின் சொல்லை எதிரி சொல்லுமாறு சொல்லத் தெரிந்தவனே மறுக்கும் தகுதியுடையவன் என்பது அம்முறையின் உட்பொருள். மறுப்பு அவமதிப்பாகாது; மாறாக, உன் கொள்கையை ஒரு பொருட்டாக எண்ணினேன் என்பதற்கு அதுவே அடையாளம்.

இம்மரபுக்கு உரியோர் நாம் இன்று செய்வது யாது? நம் பாடசாலைகளில் சமயம் கட்டாய பாடம். ஆயின் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை மட்டுமே கற்கின்றது. சமய பாட நேரம் வந்ததும் பிள்ளைகள் வெவ்வேறு அறைகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். புல்மோட்டையில் அயலயலாக வாழும் முஸ்லிம் மாணவனும் தமிழ் மாணவனும் ஒருவர் எதனை வணங்குகின்றார், ஏன் வணங்குகின்றார் என்பதை மற்றவர் வாயால் ஒருபோதும் கேட்பதில்லை. பல்கலைக்கழகத்திலும் இந்து நாகரிகமும் இசுலாமிய நாகரிகமும் கிறித்தவ நாகரிகமும் தனித்தனி வாயில்களையுடைய வீடுகளாகவே உள்ளன. ஆண்டு முழுவதும் ஒருவரையொருவர் அறியாதிருந்துவிட்டு, ஆண்டில் ஒருநாள் மேடையேறி எல்லாம் ஒன்றே என்கின்றோம். அறியாமையை மறைக்க அதைவிட நல்ல போர்வை கிடையாது.

எனவே தமிழ்ச் சங்கத்தாரிடம் நான் வேண்டுவது இது. அடுத்த முறை சமய நல்லிணக்கக் கூட்டம் ஒன்றை ஒழுங்கு செய்வீராயின், நான்கு சமயத்தாரையும் அழைத்து ஒற்றுமைகளைக் கூறுமாறு வேண்டற்க. முஸ்லிம் மாணவர் ஒருவர் சைவசித்தாந்தத்தின் இறைக்கொள்கையை உரைக்கட்டும். சைவ மாணவர் தவ்ஹீதை உரைக்கட்டும். சிங்களம் அறிந்த தமிழ் மாணவர் ஒருவர் பௌத்தர் ஏன் படைப்போனை ஏற்பதில்லை என்பதை உரைக்கட்டும். பௌத்த மாணவர் திரித்துவத்தை விளக்கட்டும். ஒவ்வோர் உரையின் முடிவிலும் அச்சமயத்தார் எழுந்து, ஆம், நாங்கள் கூறுவது இதுவே என்று ஒப்பினால் மட்டுமே அவ்வுரை நிறைவுற்றதாகக் கொள்ளப்படட்டும். அக்கூட்டத்தில் கைதட்டல் குறைவாக இருக்கலாம், வாதம் எழலாம், சிலர் முகம் சிவக்கலாம். ஆயினும் அங்கிருந்து எழுந்து செல்வோர் தம் அயலாரைப் பற்றி ஓர் உண்மையையேனும் அறிந்து செல்வர்.

புல்மோட்டைக் கரையில் வாடைக்காற்று எழும் காலத்திற் கடல் புதிய மணலைக் கொணர்ந்து சேர்க்கின்றது. அது கலந்தே வருகின்றது. என்றும் கலந்தே வரும். கலந்து கிடப்பது இயற்கை. பிரித்தறிதல் மனிதனின் பணி. அப்பணியைச் செய்ய மறுத்துவிட்டு, நம் அறியாமைக்குச் சமரசம் என்று பெயர் சூட்டாதிருப்போமாக.